கலைமான் கொம்பிடையே கொக்கிச் சிலுவை: ஜெர்மன் வேட்டையர் சங்கப் பதக்கங்களை எப்படிப் படிப்பது?

பழைய பதக்கங்கள் ஏலத்துக்கு வரும் இணையதளங்களில், கலைமான் தலையும் அதன் கொம்புகளுக்கு நடுவே ஒளிக்கதிர் வீசும் கொக்கிச் சிலுவையும் (ஹிட்லரின் நாஜிக் கட்சியின் சுவஸ்திகச் சின்னம்) பொறித்த வெண்கல வில்லைகள் அவ்வப்போது தென்படுகின்றன. விற்பவர் பலர் அவற்றை இரண்டாம் உலகப் போரின் வீரப் பதக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். வாங்க நினைப்பவருக்கு உடனே மூன்று கேள்விகள் எழும். இது போர்ப் பதக்கமா, இல்லையென்றால் எதற்காகக் கொடுத்தார்கள்? இதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமா? கையில் இருப்பது அசலா, போலியா? பதக்கத்தைக் கொடுத்த அமைப்பு எப்படி இயங்கியது என்று தெரியாமல் இந்த மூன்றில் எதற்கும் சரியான விடை கிடைக்காது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். இவை போர்க்களத்தோடு தொடர்பில்லாதவை. 1934 முதல் 1945 வரை ஜெர்மனியில் வேட்டையை முழுமையாகக் கைக்குள் வைத்திருந்த ஜெர்மன் வேட்டையர் குழாம் என்ற ஓர் அரசு நிர்வாகம், தன் விதிகளின்படி நடந்தவர்களுக்குக் கொடுத்த அத்தாட்சிகள் இவை. பெயர் சங்கம், ஆனால் வேலை அரசுத் துறையின் வேலை. ஆகவே இவற்றைச் சேகரிப்பவர் உலோகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நிர்வாகத்தின் காகிதங்களைப் பார்க்கப் பழக வேண்டும்.

வேட்டை அரசின் கைக்குப் போன கதை

நிலவுடைமைப் பிரபுக்கள் அடுத்தவர் வயலிலும் புகுந்து வேட்டையாடும் சலுகை ஜெர்மன் நாடுகளில் 1848ஆம் ஆண்டுப் புரட்சியோடு ஒழிந்தது. வேட்டையுரிமை நிலத்தோடு கட்டப்பட்டது. நிலம் யாருடையதோ, அதில் வேட்டையாடும் உரிமையும் அவருடையது. ஆனால் சிறு துண்டு நிலம் வைத்திருந்தவர்களெல்லாம் துப்பாக்கியோடு இறங்கியதும் காட்டு விலங்குகள் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்துபோயின. அதனால் ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யா 1850இல் சட்டம் இயற்றி, 300 மோர்கன், அதாவது ஏறத்தாழ 75 ஹெக்டேர் தொடர்ச்சியான நிலம் உள்ளவர் மட்டுமே தனித்து வேட்டையாடலாம் என்றும், மற்றவர்களின் நிலங்களைச் சேர்த்துப் பொது வேட்டைப் பகுதியாக்கிக் குத்தகைக்கு விட வேண்டும் என்றும் வரையறுத்தது. இன்றைய ஜெர்மன் வேட்டைச் சட்டத்திலும் அதே 75 ஹெக்டேர்தான் நிற்கிறது.

இந்தச் சூழலில் வேட்டையாளர் சங்கங்கள் முளைத்தன. அவற்றில் பெரியது 1875இல் தொடங்கிய பொது ஜெர்மன் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம். இவை விரும்பியவர் சேர்ந்து விரும்பாதபோது விலகும் தனியார் சங்கங்கள். தங்கள் போட்டிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் தாங்களே பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பதக்கங்களில் கொக்கிச் சிலுவை இருக்காது. சங்கப் பெயரோ, வேட்டையாளரின் காவலரான புனித ஹூபெர்டஸின் கலைமானோ இருக்கும். சேகரிப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரு காலங்களையும்தான்.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் தொழிற்சங்கம் முதல் பாட்டு மன்றம் வரை எல்லா அமைப்புகளையும் கலைத்தார்கள், அல்லது தங்கள் தலைமையின் கீழ் ஒரே அமைப்பாக இணைத்தார்கள். வேட்டைக்கும் அதுவே நேர்ந்தது. 1934 ஜனவரியில் பிரஷ்ய வேட்டைச் சட்டமும், அதே ஆண்டு ஜூலை 3 அன்று நாடு முழுவதற்குமான வேட்டைச் சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் 1935 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த வேட்டைச் சட்டங்கள் அத்துடன் முடிந்தன.

அந்தச் சட்டம் உருவாக்கிய அமைப்பின் பெயர் டாய்ச்சே யேகர்ஷாஃப்ட், தமிழில் ஜெர்மன் வேட்டையர் குழாம் எனலாம். அதன் இயல்பைப் புரிந்துகொள்ள நான்கு செய்திகள் போதும்.

1. வேட்டை உரிமம் வாங்கிய ஒவ்வொருவரும் தானாகவே உறுப்பினர். விலகி நிற்க வழியில்லை. உறுப்பினராக இல்லாமல் வேட்டையாடவும் வழியில்லை.

2. தலைமையில் ஹிட்லரின் நெருங்கிய கூட்டாளியான நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங். அவருக்கு ரைஷ்ஸ்யேகர்மைஸ்டர் என்ற பட்டம், அதாவது நாட்டின் தலைமை வேட்டையாளர். அவருக்குக் கீழே மாநிலம், வட்டாரம், மாவட்டம் என ஒவ்வொரு படியிலும் ஒரு யேகர்மைஸ்டர், கடைசிப் படியில் சில வேட்டைப் பகுதிகளைக் கண்காணிக்கும் ஒருவர். எல்லாரும் மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள்.

3. நடத்தை தவறியவர்களை விசாரிக்க அமைப்புக்குள்ளேயே கௌரவ நீதிமன்றங்கள் இருந்தன. அங்கே குற்றம் உறுதியானால் போவது மானம் மட்டுமன்று, உரிமமும்தான்.

4. ஒவ்வோர் ஆண்டும் எந்த விலங்கில் எத்தனை சுடலாம், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற சுடுதல் திட்டத்தை அதிகாரிகளே அங்கீகரித்தார்கள்.

யேகர்மைஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் பச்சைப் பாட்டில் மதுவின் நினைவு வருவது இயல்பே. வோல்ஃபன்பியூட்டல் நகரில் தயாராகி 1935இல் விற்பனைக்கு வந்த அந்த மது, அப்போது நாடெங்கும் புழங்கத் தொடங்கியிருந்த இந்தப் பதவிப் பெயரைத்தான் தாங்கியது. அந்தப் பாட்டிலின் ஒட்டுத்தாளை ஒருமுறை உற்றுப் பார்ப்பது பதக்கச் சேகரிப்பாளருக்கு உதவும். அதில் கலைமானின் கொம்புகளுக்கு நடுவே ஒளிரும் சிலுவை இருக்கிறது. காட்டில் வேட்டையாடிய ஹூபெர்டஸ், மானின் கொம்பிடையே சிலுவை ஒளிர்வதைக் கண்டு மனம் மாறித் துறவியானார் என்பது பழைய கிறித்தவக் கதை. வேட்டையர் குழாம் தன் சின்னத்தை அமைத்தபோது அந்தக் கலைமானையும் ஒளிக்கதிரையும் அப்படியே வைத்துக்கொண்டு, சிலுவை இருந்த இடத்தில் கொக்கிச் சிலுவையை நட்டது. பல தலைமுறைகளாக மக்கள் மனத்தில் இருந்த ஒரு பக்திப் படிமத்தை ஆளுங்கட்சி எப்படித் தனதாக்கிக்கொண்டது என்பதற்கு அங்குல அகலத்தில் கிடைக்கும் சான்று அது.

நம் வாசகர்களுக்காக ஒரு சிறு தெளிவு. நம் கோலங்களிலும் வழிபாட்டிடங்களிலும் காணும் சுவஸ்திகத்தை ஜெர்மானியர் இந்த இடத்தில் அப்பெயரால் குறிப்பதில்லை. ஹாக்கன்கிராய்ட்ஸ், அதாவது கொக்கிச் சிலுவை என்பார்கள். அந்தப் பெயரையே இக்கட்டுரையும் கொள்கிறது.

மான் கொம்புக்கு மதிப்பெண் ஏன்?

பசுவின் கொம்பு வாழ்நாள் முழுதும் வளர்வது; மானின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. ஆணின் வயது, உணவு, உடல்நலம் ஆகியவை அந்தந்த ஆண்டுக் கொம்பில் பதிகின்றன. ஆகவே கொம்பை அளந்தால் காட்டின் நிலையை அளந்ததாகும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வேட்டையாளரிடையே வலுத்தது. ஹங்கேரியரான நாட்லர் வகுத்த அளவுமுறை செம்மானுக்குப் புகழ்பெற்றது. கொம்பின் நீளம், அடிப்பகுதியின் சுற்றளவு, கிளைகளின் எண்ணிக்கை, எடை ஆகியவற்றோடு அழகுக்கும் சில மதிப்பெண்கள் கூட்டி ஒரே எண்ணாக்கும் முறை அது.

இன்றைய பன்னாட்டு முறையில் சிறிய ரோ மானுக்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தால் இதன் போக்கு விளங்கும். கொம்பின் சராசரி நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து 0.5ஆல் பெருக்குகிறார்கள், எடையைக் கிராமில் எடுத்து 0.1ஆல் பெருக்குகிறார்கள்; நீரில் மூழ்கவைத்து அறிந்த கன அளவை 0.3ஆல் பெருக்குகிறார்கள், பிறகு அகலம், நிறம், மணிமணியான மேற்பரப்பு, நுனியின் கூர்மை ஆகியவற்றுக்குச் சில புள்ளிகள். மொத்தம் 105ஐத் தொட்டால் வெண்கலம், 115க்கு வெள்ளி, 130க்குத் தங்கம். எடைக்கும் கன அளவுக்கும் எவ்வளவு பங்கு கொடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கனத்த கொம்புக்கே பரிசு.

வேட்டையர் குழாம் இந்த அளவீட்டை நிர்வாகக் கருவியாக்கியது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கொம்புக் காட்சி நடக்கும். அந்த ஆண்டு சுட்ட ஆண் மான்களின் கொம்புகளை வேட்டையாளர்கள் கொண்டுவந்து சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும். கொடுத்த திட்டத்தின்படி சுட்டாரா, இன்னும் சில ஆண்டு வளரவிட்டிருக்க வேண்டிய நல்ல மானை அவசரப்பட்டுச் சுட்டாரா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். சரியாகச் சுட்டதற்குப் பச்சைப் புள்ளி, தவறாகச் சுட்டதற்குச் சிவப்புப் புள்ளி என அடையாளமிடுவது ஜெர்மன் கொம்புக் காட்சிகளில் நன்கு அறியப்பட்ட வழக்கம். ஊரார் பார்க்கச் சுவரில் சிவப்புப் புள்ளியோடு தொங்கும் கொம்பு எத்தகைய தலைகுனிவு என்பதை விளக்கத் தேவையில்லை. சிறந்த கொம்புகளுக்குக் கிடைத்த பதக்கத்தின் உண்மைப் பொருள் இங்கேதான் இருக்கிறது. சுட்டவரின் துணிவைப் பாராட்டியது அது என்று கொள்வது பிழை. மேலிருந்து வந்த திட்டத்தை அவர் கடைப்பிடித்தார் என்பதற்கான ஒப்புகை அது.

இதற்குப் பின்னால் இருந்த சிந்தனையும் அக்காலத்துக்குரியது. கொம்பு சிறுத்த, கோணிய ஆண்களைத் துப்பாக்கியால் களைந்துவிட்டால் இனம் மேம்படும் என்று அவர்கள் நம்பினார்கள். கொம்பின் அளவைத் தீர்மானிப்பதில் உணவுக்கும் வயதுக்கும் உள்ள பெரும்பங்கு அதில் குறைத்தே மதிக்கப்பட்டது. மனிதரிலும் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என்று பிரித்த ஓர் ஆட்சியில் இத்தகைய மொழி காட்டிலும் ஒலித்தது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. கொம்புக்காக மான்களின் எண்ணிக்கையை உயர்த்தி வைத்ததால் இளமரக்கன்றுகள் மேயப்பட்டு வனம் பாதிக்கப்பட்டதும், அந்த விவாதம் இன்றுவரை ஜெர்மன் வனத்துறையில் ஓயாததும் இதன் தொடர்ச்சிதான்.

சந்தையில் எவையெல்லாம் வருகின்றன?

எல்லாவற்றையும் பதக்கம் என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். ஐந்து வகைகளைத் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

1. உறுப்பினர் சின்னம். சட்டையிலும் தொப்பியிலும் குத்திக்கொள்ளும் சிறிய ஊசிச் சின்னம். உறுப்பினர் எல்லாருக்கும் உரியது என்பதால் இதுவே மிகுதியாகக் கிடைப்பது. இது பரிசு அன்று. சாதனைப் பதக்கம் என்று சொல்லி விற்றால் நம்பக் கூடாது.

2. கொம்புக் காட்சிப் பதக்கம். மேலே விளக்கியது.

3. சுடும் போட்டி, வேட்டை நாய்த் தேர்வு ஆகியவற்றின் பரிசுகள். பெரும்பாலும் அணிவதற்கான வளையமோ ஊசியோ இல்லாத, பெட்டியில் வைத்துக் கொடுக்கும் கனத்த வில்லைகள். பின்புறம் பெயரும் ஆண்டும் பொறிப்பதற்கென்று வெற்றிடம் விட்டிருப்பார்கள்.

4. கண்காட்சிப் பதக்கம். இவற்றில் 1937 பெர்லின் கண்காட்சியைச் சேர்ந்தவையே முதன்மையானவை.

5. சீருடைப் பொருள்கள். அதிகாரிகளின் தோள்பட்டை, வார்ப்பூட்டு, இடையில் செருகும் வேட்டைக் கத்தி போன்றவை. கத்திகளில் பல சோலிங்கன் நகரப் பட்டறைகளில் உருவானவை. இவை பதக்கங்களே அல்ல என்றாலும் அதே சின்னத்தைத் தாங்குவதால் சேர்த்தே விற்கப்படுகின்றன.

போர் தொடங்கியபின் செம்பும் வெள்ளீயமும் ஆயுத உற்பத்திக்குத் திருப்பப்பட்டதால் ஜெர்மன் பதக்கங்களும் சின்னங்களும் பொதுவாகத் துத்தநாகத்துக்கு மாறின. ஆகவே 1930களின் நடுவில் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு பதக்கம் துத்தநாகத்தில் இருந்தால் கேள்வி எழுப்ப வேண்டும்.

பெர்லின், 1937 நவம்பர்

1910இல் வியன்னா நடத்திய பன்னாட்டு வேட்டைக் கண்காட்சியை மிஞ்ச வேண்டும் என்ற ஆசையோடு, 1937 நவம்பரில் கோரிங் பெர்லினில் ஒரு பன்னாட்டுக் கண்காட்சியைக் கூட்டினார். பல நாடுகள் தங்கள் சிறந்த கொம்புகளையும் விலங்குத் தோல்களையும் அனுப்பின. மதிப்பெண் முறைகளை நாடுகளிடையே ஒருமைப்படுத்தும் முயற்சிக்கும் அந்த ஆண்டு முக்கியமானது. கொம்பு அனுப்பியவர்களுக்கு வழங்கிய பரிசுப் பதக்கங்களும் நினைவுப் பதக்கங்களும் பல நாடுகளுக்குச் சிதறிப் போனதால், ஜெர்மனிக்கு வெளியே பழைய வேட்டைக் குடும்பங்களின் பெட்டிகளிலிருந்தும் இவை இன்று வெளிவருகின்றன.

இந்தக் கண்காட்சி அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றதற்கு ஒரு விருந்தினர் காரணம். பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் பிரபுவைக் கோரிங் அழைத்திருந்தார். அவர் யார் என்று தமிழ் வாசகர்களுக்கு வேறு பெயரில் தெரியும். 1926 முதல் 1931 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்து, 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே இர்வின் பிரபுதான் அவர். நரிவேட்டைக் குழு ஒன்றின் தலைவர் என்ற முறையில் கண்காட்சிக்கு வருகிறார் என்பது வெளியே சொன்ன காரணம். நடந்ததோ வேறு. நவம்பர் 19 அன்று அவர் ஹிட்லரின் மலை இல்லத்துக்குச் சென்று அவரைச் சந்தித்தார். மறுநாள் கோரிங்கின் காட்டு மாளிகையான கரின்ஹாலில் விருந்துண்டார். சில மாதங்களில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரும் ஆனார். வேட்டை முடிந்ததை அறிவிக்கும் ஹலாலி என்ற கூவலோடு அவர் பெயரைச் சேர்த்து ஹலாலிஃபாக்ஸ் என்று பெர்லின்வாசிகள் அழைத்தார்கள். பிரிட்டன் ஹிட்லரோடு சமரசம் தேடிய அரசியலின் முக்கியமான படி ஒன்று, மான் கொம்புகள் மாட்டிய மண்டபத்தின் வழியாகச் சென்றது. 1937 என்று பொறித்த பதக்கத்துக்கு மற்ற ஆண்டுப் பதக்கங்களைவிடக் கூடுதல் வரலாற்று எடை உண்டு என்று நான் கருதுவது இதனால்தான். அது எவ்வளவு அரிது என்பது இரண்டாம் கேள்வி.

பதக்கம் சொல்லாமல் விடுவது

காட்டையும் விலங்கையும் நேசித்த அமைப்பு என்ற தோற்றத்தை வேட்டையர் குழாம் பெரிதும் பேணியது. 1933இன் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1935இன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றோடு வேட்டைச் சட்டத்தையும் சேர்த்துத் தன் சாதனையாக ஆட்சி பறைசாற்றியது. சட்டத்தின் சில விதிகள் விலங்குகளுக்கு உண்மையிலேயே நன்மை செய்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்சி 1938 நவம்பர் 11 அன்று யூதர்கள் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது என்று ஆணையிட்டது; பரம்பரையாக வேட்டையாடி வந்த யூதக் குடும்பங்களின் துப்பாக்கிகள் பறிபோயின. 1941இல் கிழக்கே படையெடுத்தபோது, இன்றைய போலந்து–பெலாரஸ் எல்லையிலுள்ள பியாவோவியெஷா என்ற பழங்காட்டைக் கோரிங்கின் வேட்டைக் காடாக ஒதுக்குவதற்காக அதைச் சுற்றியிருந்த கிராமங்களை எரித்து, மக்களை விரட்டினார்கள். அந்தக் காட்டின் பொறுப்பில் இருந்த வன அதிகாரி வால்ட்டர் ஃபிரெவெர்ட், ஜெர்மன் வேட்டை மரபுகளைத் தொகுத்து நூலாக எழுதிப் பெயர் பெற்றவர். பதக்கத்தைப் பட்டியலிடும்போது அதன் பின்புலக் குறிப்பில் இந்தச் செய்திகளுக்கும் இடம் வேண்டும். மான் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக இதை அரசியலற்ற பொருளாகக் காட்டுவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86-ஏ பிரிவு, அரசியலமைப்புக்கு விரோதமான அமைப்புகளின் அடையாளங்களைப் பரப்புவதையும் பொதுவில் காட்டுவதையும் தடை செய்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தடைபட்டது பொருளா, செயலா என்பதே இங்கே கேள்வி. படிப்படியாகப் பார்ப்போம்.

1. வீட்டில் அலமாரிக்குள் ஒருவர் தனிப்பட்ட முறையில் வைத்திருப்பதை அந்தப் பிரிவு குற்றமாக்கவில்லை.

2. கண்காட்சி, ஆய்வு, கற்பித்தல், கலை, வரலாற்றுச் செய்தி ஆகியவற்றுக்காகக் காட்டுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அருங்காட்சியகங்கள் இவற்றை வைத்திருப்பது அதனால்தான். மியூனிக்கில் 1938இல் நிம்ஃபன்புர்க் அரண்மனையில் தொடங்கி, இன்று பழைய அகஸ்டீனியத் தேவாலயத்தில் இயங்கும் வேட்டை அருங்காட்சியகத்தின் தோற்றமே இந்தக் காலத்தோடு பிணைந்தது.

3. விற்பனைப் படத்தில் கொக்கிச் சிலுவை வெளிப்படையாகத் தெரிந்தால் சிக்கல். ஜெர்மன் ஏல நிறுவனங்கள் பட்டியலில் அந்த இடத்தை மறைத்தே அச்சிடுவது இதனால்தான். மறைத்திருப்பதைக் கண்டு குறையுள்ள பொருள் என எண்ண வேண்டாம்.

4. அணிவது தனிக் கணக்கு. 1957இன் பட்டங்கள், விருதுகள் சட்டம், போர்க்கால விருதுகளைக் கொக்கிச் சிலுவை நீக்கிய வடிவத்தில் மட்டுமே அணிய அனுமதித்தது.

5. நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஆஸ்திரியாவில் 1947இன் தடைச் சட்டமும் 1960இன் சின்னங்கள் சட்டமும் உள்ளன. பிரான்சில் இத்தகைய சின்னங்களைப் பொதுவில் அணிவதும் காட்டுவதும் தண்டனைக்குரியவை. 2000இல் பாரிஸ் நீதிமன்றம் யாஹூ ஏலத்தளத்துக்கு எதிராக அளித்த ஆணைக்குப் பிறகுதான் பெரிய ஏலத்தளங்கள் நாஜிச் சின்னம் தாங்கிய பொருள்களை உலகெங்கும் தடுக்கத் தொடங்கின.

இதன் நடைமுறை விளைவு ஒன்றை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். பெரிய தளங்கள் கதவடைத்ததால் விற்பனை சிறிய, கண்காணிப்புக் குறைந்த இடங்களுக்கு நகர்ந்தது. போலிகள் செழிப்பது அங்கேதான்.

அசலை அறிவது

போலி செய்பவர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். அசல் ஒன்றிலிருந்து அச்சுக்குழி எடுத்து வார்ப்பது ஒன்று. இல்லாத பதக்கத்தைக் கற்பனையில் வடிவமைத்து அடிப்பது மற்றொன்று. இரண்டாவதே அபாயமானது, ஏனென்றால் ஒப்பிட அசலே இருக்காது. அந்தக் காலத்து வேட்டை இதழ்களிலோ, கொம்புக் காட்சி அறிக்கைகளிலோ, தேதியிட்ட நிழற்படங்களிலோ ஒரு வடிவம் காணப்படாவிட்டால், எவ்வளவு அழகாயிருந்தாலும் ஒதுக்கிவைப்பது நல்லது.

வார்ப்புப் போலியை வீட்டிலேயே கண்டறிய முடியும். அசல் பதக்கம் உருக்கு அச்சுகளுக்கு இடையே அழுத்தி அடிக்கப்பட்டது. அதன் எழுத்துகளின் ஓரம் நறுக்கென்று நிற்கும், சமதளப் பகுதி வழவழப்பாயிருக்கும். வார்ப்பில் உருகிய உலோகம் குளிரும்போது காற்றுக் குமிழ்கள் சிறு குழிகளாகத் தங்கும். எழுத்தின் அடிப்பாகம் சோப்பு கரைந்ததுபோல மழுங்கும். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையற்கோடோ, அதை அரத்தால் தேய்த்த தடமோ இருக்கும். மேலும் உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் வார்ப்பு அசலைவிட ஒன்று முதல் இரண்டு விழுக்காடு சிறுத்துப்போகும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலில் தப்பிவிடும் இந்த வேறுபாட்டை வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

உலோகத்தை அறிய அடர்த்திச் சோதனை போதும். நகைக்கடைத் தராசில் பதக்கம் 70.4 கிராம் நிற்கிறது என்று கொள்வோம். அதை மெல்லிய நூலில் கட்டி நீரில் முழுதும் மூழ்கத் தொங்கவிட்டு நிறுத்தால் எடை 8 கிராம் குறைகிறது. 70.4ஐ 8ஆல் வகுத்தால் 8.8, அது வெண்கலத்தின் அடர்த்தி. 9.9 கிராம் குறைந்தால் விடை ஏறக்குறைய 7.1, அது வெண்கல நிறம் பூசிய துத்தநாகம். வெள்ளியென்றால் 10.5க்கு அருகில் வர வேண்டும். பெட்டியும் துணியும் ஒட்டியிருந்தால் நனையாமல் பிரித்தபின் செய்ய வேண்டும். எனாமல் விரிசல் விட்ட சின்னங்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

எனாமலைப் பொறுத்தவரை, அக்காலத்து எனாமல் சூளையில் உருக்கிய கண்ணாடி. உதட்டில் தொட்டால் சில்லென்றிருக்கும். நகத்தால் தட்டினால் கண்ணாடி ஒலிக்கும். இக்காலப் பிசின் பூச்சு வெதுவெதுப்பாயிருக்கும். உருப்பெருக்கியில் அதன் ஓரம் பிதுங்கி வழிந்திருப்பது தெரியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலமான சான்று காகிதம். பதக்கத்தோடு வந்த சான்றிதழ், அதே பெயருக்குரிய வேட்டை உரிமம், கொம்பு மாட்டியிருந்த பலகையில் எழுதிய தேதி ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் அந்தப் பதக்கம் பேசத் தொடங்குகிறது. வாரிசுகள் விற்கும்போது உலோகத்தை எடுத்துக்கொண்டு காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.

வைத்துக் காப்பது

தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. எண்பது ஆண்டுகளில் படிந்த மங்கல் நிறம் ஒருமுறை போனால் போனதுதான். விலை மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் அமிலம் கசிந்து வெண்கலத்தில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்குகின்றன. பாலியெஸ்டர் உறை வேண்டும். ஈரக்காற்றில் துத்தநாகம் வெண்சாம்பல் பூத்து உதிர்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சுரண்டிய பதக்கம்

1945இல் வேட்டையர் குழாம் அழிந்தது. வெற்றி பெற்ற நேச நாடுகள் ஜெர்மானியரிடமிருந்து வேட்டைத் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்தன. ஆக்கிரமிப்புப் படையினரே சில ஆண்டுகள் அந்தக் காடுகளில் வேட்டையாடினார்கள். ஊர் திரும்பிய வீரர்கள் நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றவையே இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மிகுதியாகக் கிடைப்பவை. மேற்கு ஜெர்மனியில் புதிய வேட்டைச் சட்டம் 1952இல் வந்தபோது சுடுதல் திட்டம், வேட்டையாளர் தேர்வு போன்ற பழைய சட்டத்தின் கூறுகள் பல புதிய உடையில் தொடர்ந்தன. அமைப்பு மட்டும் மீண்டும் தனியார் சங்கமாயிற்று.

இந்த இடைக்காலத்தின் தடயம் சில பொருள்களில் நேரடியாகவே இருக்கிறது. தொப்பிச் சின்னத்தில் கலைமான் முழுதாக இருக்கும், ஒளிக்கதிரும் இருக்கும். நடுவில் கொக்கிச் சிலுவை இருந்த இடம் மட்டும் அரத்தால் தேய்க்கப்பட்டு, கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மானை இழக்க மனமில்லாமல் சின்னத்தை மட்டும் நீக்கிய ஒருவரின் கைவேலை அது. சந்தையில் இத்தகையவற்றைச் சேதமடைந்தவை என்று விலை குறைத்துப் போடுகிறார்கள். சில விற்பனையாளர்கள் புதிய கொக்கிச் சிலுவையைப் பற்றவைத்து முழுமையாக்கியும் விற்கிறார்கள். பற்றவைத்தவற்றை உருப்பெருக்கியின் கீழ் அடையாளம் காணலாம்: சுற்றிலும் பழைய அரக்கீறல்கள், அவற்றின் மேல் கீறலே இல்லாத புதிய சின்னம். கீறலோடு கிடைப்பதை அப்படியே விட்டு, பட்டியலில் 1945க்குப் பின் சுரண்டப்பட்டது என்று குறித்து வைக்க வேண்டும்.